சின்ன ராஜாவுக்குக் குரல் கொடுத்தவர்

லஸ் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் சில வருஷங்கள் நான் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களுக்குத் தமிழ் வசனம். திரையில் கரடி எங்கே வாயை மூடுகிறதோ அங்கே தமிழும் மூட வேண்டும். அங்கேதான் அவரைப் பார்த்தேன். பழகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அவருடைய சொந்தக் குரல் எது என்று எனக்குத் தெரியாது.

குரல் கொடுப்பதுதான் அவர் தொழில். கரடியும் அவர்தான், கரடியைச் சுடவரும் வேட்டைக்காரனும் அவர்தான். ஒரே காட்சியில் மாமியாராகவும் மருமகனாகவும் சண்டை போட்டுவிட்டு, வெளியே வந்து தண்ணீர் குடிப்பார். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் கூடத்துக்கு வருகிறவர்கள் பலருக்கும் அது கைவந்த வித்தை. மற்றவர்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததும் தங்கள் குரலுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர் திரும்பமாட்டார். ஒரு குரலைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார்.

சந்து முனையில் டீக்கடை. அங்கே அவர் ஒருநாள் பல்லுப்போன கிழவராக டீ கேட்பார், இன்னொரு நாள் ரயில் நிலைய அறிவிப்பைப் போல நிறுத்தி நிறுத்திக் கேட்பார். டீ மாஸ்டர் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "இன்னா சார், இன்னிக்கு யாரு வந்துகீறது?" என்பார். அவரைத் தமாஷான ஆள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தமாஷான ஆள்தான். ஆனால் தொடர்ந்து ஒரே ஆளைக் கவனித்துக்கொண்டிருந்தால் தமாஷுக்கு அடியில் வேறு ஏதோ இருப்பது தெரியும். அவர் யாருக்கும் போன் செய்து நான் பார்த்ததில்லை. மணி அடித்தால் எடுக்கமாட்டார். பிறகு குறுஞ்செய்தி அனுப்புவார். கபாலி கோயிலில் ஒருமுறை அவரைப் பார்த்தேன். பக்கத்தில் எல்லாரும் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் உதடு மட்டும் அசைந்தது.

நாற்பதை நெருங்கியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன கதையை அவரே சொல்லியிருக்கிறார். தனியாகப் பேசச் சொல்லி மொட்டைமாடிக்கு அனுப்பினார்களாம். இவர் பழைய சினிமாக் கதாநாயகன் மாதிரி கனத்த குரலில் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார். அந்தப் பெண், "நீங்க எப்பவுமே இப்படித்தான் பேசுவீங்களா?" என்று கேட்டாள். அதோடு இறங்கி வந்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரலை அவ்வளவு அழகாகச் செய்து காட்டினார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் அவர்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா பிழைக்க வந்து ஆரம்பித்த கடை. காலையில் அவர் கடையில் உட்காருவார், மத்தியானம் எங்களிடம் வருவார். அந்த மத்தியானங்களில் கடையைப் பார்த்துக்கொள்வது அவருடைய மதினி, இறந்துபோன அண்ணனின் மனைவி. அண்ணன் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும்.

ஒரு பொங்கலுக்கு முன்னால் வெண்கலப் பானை வாங்க அந்தக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். மூக்கால் பேசுகிற ஒரு குரலில் பானையின் கனம், வார்ப்பு என்று ஏதேதோ சொன்னார். உள்ளே கொலுசுச் சத்தம் கேட்டது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். வந்தது அவருடைய மதினி. நெடுநெடுவென்று உயரம், முடியை இறுக்கி முடிந்திருந்தார்கள். அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. விலையை விரலால் காட்டினார். அந்த அம்மாள், "மேலே வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று என்னை அழைத்துப் போனார்கள்.

மேலே வீட்டில் எனக்கு விநோதமாக இருந்தது. அவர் மாடிப்படி ஏறி வந்ததும் கிராதியில் விரலால் தட்டினார். அது அவர் வந்துவிட்டார் என்பதற்கு அடையாளம். சாப்பிடும் இடத்தில் தம்ளரைக் கவிழ்த்து வைத்தால், போதும் என்று அர்த்தம். மதினி அவரிடம் பேசினார்கள், மரியாதையாக, பிரியமாகவே பேசினார்கள். அவர் தலையசைத்தார், கையைக் காட்டினார், சிரித்தார். அண்ணனின் மகள், எட்டு ஒன்பது வயதுப் பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் நாய் உண்டு என்று சொல்வதைப் போல இயல்பாகச் சொன்னாள்: "சித்தப்பா வீட்ல பேசமாட்டாங்க ஆன்ட்டி."

சொந்தக்காரர்கள் இதற்குக் காரணம் சொத்துத் தகராறு என்று நினைத்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. தகராறு நடக்கிற வீட்டில் ஒருவருக்கொருவர் அப்படிப் பார்த்துப் பார்த்துப் பரிமாறமாட்டார்கள்.

அந்த வருஷம்தான் எங்களுக்குக் கிரேக்கப் புராணக் கதைகள் வந்தன. குழந்தைகளுக்கான தொடர். கடவுள்களும் அரக்கர்களும் சுலபமாக முடிந்துவிட்டார்கள். ட்ராய் நகரத்தோடு நடந்த யுத்தம் வந்தபோது பெயர்கள் எங்களைப் படுத்தின. புரோட்டெசிலாஸ் என்று ஒரு ராஜா, அவன் தம்பி போடார்கெஸ். வாயசைப்புக்குள் அந்தப் பெயர்களை அடக்கவே முடியவில்லை. எங்கள் ஒலிப்பதிவாளர், எல்லாரையும் மச்சி என்று கூப்பிடுகிற இளைஞர், பெரிய ராஜா, சின்ன ராஜா என்று வைத்துவிட்டார். கூடத்தில் அதுவே நிலைத்தது.

கதை இதுதான். கிரேக்கர்களின் கப்பல்கள் எல்லாம் ட்ராய் நாட்டுக் கரைக்கு வந்துவிட்டன. அந்த மண்ணில் முதலில் கால் வைக்கிறவன் முதலில் சாவான் என்று ஒரு அருள்வாக்கு இருக்கிறது. அதனால் யாரும் இறங்கவில்லை. பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் கப்பல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரிய ராஜா குதிக்கிறான். குதித்து, சண்டை போட்டு, அங்கேயே சாகிறான். அவனுடைய கப்பல்களையும் ஆட்களையும் அதற்கு மேல் நடத்த வேண்டியவன் சின்ன ராஜா. அவனைப் பற்றிப் பழைய கதைசொல்லிகள் அதிகம் சொல்வதில்லை. அண்ணன் வயதிலும் மூத்தவன், வீரத்திலும் மேலானவன் என்று சொல்லிவிட்டு அடுத்த ராஜாவுக்குப் போய்விடுகிறார்கள்.

சின்ன ராஜா வேஷம் அவருக்கு வந்தது. மொத்தமே ஒரு காட்சி. வழக்கமாக அவர் தாளை வாங்கி ஒரு பார்வை பார்ப்பார், உள்ளே போய்விடுவார். அன்று என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தத் தம்பி யார், அப்பா யார் என்று கேட்டார். நான் படித்ததைச் சொன்னேன். அப்பன் பெயர் இஃபிக்லஸ். பெரிய ஓட்டக்காரன், விளைந்த கதிர்களின் மேலேயே ஓடுவானாம், ஒரு கதிர்கூட வளையாதாம். அவர் கிழவர் குரலில், "எங்க அப்பாவும் ஓட்டந்தான். மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து தலையில அண்டாவ வச்சிக்கிட்டு ஓடுவாரு" என்றார். பிறகு, சின்ன ராஜா ஊருக்குத் திரும்பினானா என்று கேட்டார். திரும்பவில்லை, அங்கேயே வேறொரு சண்டையில் செத்தான் என்று சிலர் சொல்கிறார்கள் என்றேன்.

"பெரிய ராஜா சம்சாரம்?"

அந்தக் கதை தொடரில் இல்லை. குழந்தைகளுக்கு வேண்டாம் என்று அவர்களே விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் கேட்டதால் சொன்னேன். புருஷன் செத்த செய்தி கேட்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து, தேவர்கள் அவனைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் திருப்பி அனுப்பினார்களாம். அவன் வந்தான், பேசினான், நேரம் முடிந்ததும் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் பிழைக்கவில்லை. ஒரேயடியாகப் போனதைத் தாங்கியிருப்பாள், வந்துவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் ஒலிப்பதிவு. அண்ணன் செத்துக் கிடக்கிறான். தம்பி அவனுடைய ஆட்கள் முன்னால் வந்து நிற்கிறான். வசனம் மூன்று வரி: "என் அண்ணன் முதலில் குதித்தான். நான் அவன் தம்பி. இனி என் பின்னால் வாருங்கள்." அவர் ராஜபார்ட் குரலில் சொன்னார். ஒலிப்பதிவாளர் வேண்டாம் என்றார். கரகரப்பாகச் சொன்னார், அழுதுகொண்டு சொன்னார். எதுவும் ஒட்டவில்லை.

கடைசியில் ஒலிப்பதிவாளர் மைக் பொத்தானை அழுத்திச் சொன்னார்: "சார், எல்லாமே சூப்பரா கீது. ஆனா எல்லாம் ராஜா குரல். எனக்குத் தம்பி குரல் வேணும். ஒண்ணும் பண்ணாதீங்க. நீங்க வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைப்பது தெரிந்தது. வெளியே வந்து, வராந்தாவில் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்றார். நான் பின்னாலேயே போனேன். தன்னால் முடியாது என்றார், வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார், மூக்குக் குரலில்தான். ஏன் என்று கேட்டேன். சொன்னார்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே குரல். முகம் வேறு, உயரம் வேறு. குரல் மட்டும் அச்சில் வார்த்தது. போனில் அப்பாவே ஏமாறுவாராம். மழை கொட்டிய அந்தக் கார்த்திகையில் கடைத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அப்போது அவர்கள் வீடு வேறு தெருவில் இருந்தது; சரக்கை மேலே ஏற்ற இரண்டு பேரும் போனார்கள். தெருமுனையில், காய்ந்த படிக்கட்டு ஒன்றில் நின்றபோது அண்ணன், "நீ நில்லுலே, நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். எங்கேயோ ஒரு மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்திருக்கிறது. தம்பிக்கு இறங்க ஒரு காலைத் தூக்கிய நினைவு இருக்கிறது. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, வீட்டுக் கூடத்தில் நின்று போனில் யாரோ வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே படுத்திருந்த மதினி எழுந்து ஓடி வந்தார்கள். வாசல்வரை சிரித்த முகமாக வந்தார்கள். இவரைப் பார்த்ததும் நின்றார்கள். அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சிராதிய தம்பி. கொஞ்ச நாளைக்கு வீட்ல பேசாம இருங்க" என்றார்கள்.

"கொஞ்ச நாள் முடிஞ்சுதான்னு நானும் கேக்கல. அவுகளும் சொல்லல." இப்போது அவர் குரல் மாறியிருந்தது. எப்போது மாறியது என்று நான் கவனிக்கவில்லை. நடுத்தரமான, சற்று அடைத்த, சாதாரணக் குரல். கூட்டத்தில் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "வீட்ல மட்டுந்தான் சொன்னாக. வெளியிலயும் எனக்கு வரல மேடம். வாயத் திறந்தா அண்ணன் பேசுத மாதிரி இருக்கு."

அந்தக் குரலோடேயே உள்ளே போனார். ஒரே தடவையில் மூன்று வரியையும் சொன்னார். ஒலிப்பதிவாளர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வெளியே வந்தவருக்கு நிம்மதி இல்லை, பயம்தான் இருந்தது. அந்தத் தொடரை அண்ணன் மகள் விடாமல் பார்க்கிறாள். வீட்டுக் கூடத்தில் டிவி ஓடும், மதினி சமையலறையில் இருப்பார்கள், திடீரென்று இந்தக் குரல் வந்தால்? அழித்துவிடுவோமா என்று ஒலிப்பதிவாளரே கேட்டார். அவர் யோசித்தார். மதினியிடம் சொல்லிவிட்டுத்தான் எதுவும் என்றார். எப்படிச் சொல்வது? பேசக்கூடாது என்று சொன்னவர்களிடம் பேசுவதைப் பற்றிப் பேச வேண்டும். என்னைக் கூட வரச் சொன்னார்.

அன்று சாயங்காலமே போனோம். படியேறியதும் கிராதியைத் தட்டினார். மதினி வந்தார்கள், என்னை உட்காரச் சொன்னார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல், ஆனால் பெரிய ராஜா கொஞ்ச நேரத்துக்குத் திரும்பி வந்த கதையை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். சின்னப் பெண் வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சுவரோரம் நின்றார்.

மதினி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்கள். கை ஈரமாக இல்லை. "அந்தத் தம்பி ராஜா என்ன சொல்லுதாரு?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க வேண்டாம். அவுகளே சொல்லட்டும்" என்றார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என் அண்ணன் முதலில் குதித்தான். நான் அவன் தம்பி. இனி என் பின்னால் வாருங்கள்.

மதினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். திறந்தபோது முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

"இது அவுக குரல் இல்ல. உங்க குரல்" என்றார்கள். "அப்ப ஒண்ணு போல இருந்திச்சி. இப்ப இல்ல. வயசாயிட்டுல்லா."

அவர் நம்பாமல் நிமிர்ந்தார். "நெசமாவா மதினி?"

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்? இம்புட்டு நாளா நீங்க கேட்டிருந்தா அப்பமே சொல்லியிருப்பேன்."

சின்னப் பெண் எழுந்து அவரிடம் போனாள். அப்பா போனபோது அவள் கைக்குழந்தை. அப்பா குரலும் தெரியாது, சித்தப்பா குரலும் அன்றுதான் கேட்கிறாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார். அவள் பெயரைச் சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னார். நான் கிளம்பிவிட்டேன். படியிறங்கும்போது அவள் ஒவ்வொரு பொருளாகக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்க, அவர் சொல்லிக்கொண்டே போவது கேட்டது. பேச்சுப் பழகுகிற குழந்தை அவர்தான் போலிருந்தது.

அதன் பிறகு அவர் மாறினார் என்று சொல்லலாம். போன் எடுத்தார். கூடத்தில் குரல்களைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார். தமாஷ் குறைந்துவிட்டது என்று சிலருக்கு வருத்தம். அந்த அடைத்த குரலுக்கென்றே சில வேஷங்கள் வந்தன. அப்பாக்கள், பொறுமையான ஆசிரியர்கள். நான் கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டுவிட்டு அடையாறுக்குக் குடிபோய்விட்டேன். டிவியில் எப்போதாவது அவரைக் கேட்பேன். கேட்டால் கண்டுபிடித்துவிடுவேன்.

கடைசியாகப் பார்த்தது, தங்கை மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கப் போனபோது. மத்தியான நேரம். மதினி கல்லாவில் இருந்தார்கள். அவர் அன்று ஒலிப்பதிவுக்குப் போகவில்லை, உள்ளே கிட்டங்கியில் ஆட்களோடு சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். அதட்டுவதும் சிரிப்பதுமாக அவருடைய குரல் கடை முழுவதும் கேட்டது. நான் சும்மா, நல்லவேளை, அவர் குரல் மாறிவிட்டது என்று அன்று நீங்கள் சொன்னீர்கள் என்றேன்.

அந்த அம்மாள் ஒரு செம்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்கள்:

"எங்க மாறிச்சிம்மா? அச்சு அசல் அவுகதான் அது. முத வார்த்தையிலயே எனக்கு உசுரு போயி வந்திச்சி."

பிறகு ஏன் அன்று அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு மனுசன எத்தன காலந்தான் ஊமையாக்கி வைக்கது? நாஞ் சொல்லாம தம்பி பேசமாட்டாக. அதான் சொன்னேன்." நூலை இழுத்து முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து அறுத்தார்கள். "மொத கொஞ்ச நாளு தம்பி பேசும்போதெல்லாம் உள்ள போயிருவேன். எம்மனசுல எம்புருசன் வந்துட்டுப் போவாக. இப்ப அப்படி இல்ல. அந்தக் குரலக் கேட்டா தம்பி மொகந்தான் வருது. அவுக மொகம் வரவே மாட்டேங்கு. நானும் கண்ண மூடிட்டுப் பாக்கேன், வரல."

உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். சீர்வரிசைத் தாம்பாளம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். அந்த அம்மாள் செம்பைப் பிடித்தபடி, தலையைச் சற்றுச் சாய்த்து, அந்தக் குரல் அடங்குகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் மறுபடி கூப்பிட்டார்.

"வாரேன் தம்பி" என்று எழுந்து உள்ளே போனார்கள்.